மார்கழியில் எங்கே ஓடுவது: தார்ரோடா, நடைபாதையா, டிராக்கா, வாய்க்கால் கரையா?

கார்த்திகை தீபம் முடிந்து பனி இறங்க ஆரம்பித்ததும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் விடிகாலையில் ஓடுகிறவர்கள் கூட்டம் திடீரென்று கூடிவிடும். டிசம்பரில் கோவை மாரத்தான், ஜனவரியில் சென்னை மாரத்தான் என்று போட்டிகளும் வரிசை கட்டி நிற்கும். கூடவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "ரோட்டுல ஓடுனா முட்டி போயிரும்கறாங்க, மண்ணுல ஓடுனா கால் பெரண்டுக்கும்கறாங்க, டிராக்குல ஓடலாம்னா செக்குமாடாட்டம் சுத்தணும், அப்பறம் எங்கதானுங்க ஓடறது?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே கெண்டைக்காலிலோ குதிகாலிலோ வலியை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று. குளிர்கால ஓட்டம் பற்றிப் படிக்கக் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி தரையில் பனிக்கட்டி உறையும் ஊர்க்காரர்களுக்கு எழுதியது. மூன்றடுக்குச் சட்டை, ஆணி வைத்த ஷூ எல்லாம் நமக்கு எதற்கு? கோவையில் டிசம்பர், ஜனவரி விடிகாலை வெப்பம் சாதாரணமாக 17 முதல் 19 டிகிரி. அதற்கே நம் ஆட்கள் குரங்குக் குல்லாயும் மப்ளருமாகக் கிளம்புகிறார்கள் என்பது வேறு கதை. இந்தக் குளிர் யார் காலையும் ஒடிக்காது. சொல்லப்போனால் ஓடுவதற்கு இதைவிட நல்ல பருவம் நம் ஊரில் கிடையாது, சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். சித்திரையில் ஐந்து கிலோமீட்டருக்கே நாக்குத் தள்ளியவர் மார்கழியில் பத்து கிலோமீட்டரைச் சாதாரணமாக முடிக்கிறார், மூச்சு வாங்கவில்லை, வேர்வை அதிகமில்லை, சரி இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போவோம் என்று தோன்றுகிறது. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு சரி என்று சொல்லும்போது குதிகால் தசைநார் சரி என்று சொல்லியிருக்காது. ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் அடி வைக்கிறோம், கூடுதலாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதே கால்களுக்கு இன்னும் ஆயிரம் இடி.

ஆக நம் குளிர்காலத்தில் அடிபடுவதற்குக் காரணம் மூன்று: தெரியாமல் கூடிவிடும் தூரமும் வேகமும், இருட்டு, ஈரம். எந்தத் தரையில் ஓடுவது என்பது இந்த மூன்றையும் பொறுத்த கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழுகிறதா என்பது. ஒரே மாதிரி விழுந்தால் ஒரே இடம் தேயும். மாறி மாறி விழுந்தால் சுமை பிரியும், ஆனால் கால் பிரள வாய்ப்பு கூடும். இந்த இரண்டில் ஒன்றைத்தான் குறைக்க முடியும்.

இரண்டாவது, இருட்டிலும் ஈரத்திலும் அந்தத் தரை எப்படி நடந்துகொள்கிறது. மூன்றாவது, வண்டி, நாய், மற்ற உயிர்கள். நான்காவது, விடிகாலைக் காற்று. ஐந்தாவது, மறைவாக ஆகும் செலவு. பணம் மட்டுமில்லை, போய்வரும் நேரமும் கெட்டுப்போகும் தூக்கமும் இதில் சேர்த்தி.

எல்லாவற்றையும்விட உங்கள் பழைய வலி எங்கே இருக்கிறது என்பதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். முட்டிக்காரருக்கு நல்ல தரை கணுக்கால்காரருக்கு நல்ல தரை இல்லை.

| | தார்ரோடு | நடைபாதை, குளக்கரை | சிந்தெடிக் டிராக் | வாய்க்கால் கரை, மண் தடம் |
|---|---|---|---|---|
| அடி விழும் விதம் | ஒரே மாதிரி, ஒரு பக்கச் சரிவு | ஒரே மாதிரி, கெட்டி | சமதரை, பாதிக்கு மேல் வளைவு | ஒவ்வொன்றும் வேறு |
| இருட்டில் | குழி, வேகத்தடை தெரியாது | விளக்கு உண்டு | விளக்கு இருந்தால் பயமில்லை | கூடாது, விடிந்த பிறகு மட்டும் |
| பனி ஈரத்தில் | பரவாயில்லை | பாசி பிடித்த கல் வழுக்கும் | பெயிண்ட் கோட்டில் கவனம் | செம்மண் தாங்கும், கரிசல் ஒட்டும் |
| பெரிய பயம் | வண்டி, நாய் | கூட்டம், படி விளிம்பு | வேக ஆசை | முள், பாம்பு, பிரளும் கால் |
| மறைவுச் செலவு | ஒளிரும் மேல்சட்டை | வண்டியில் போய்வரும் நேரம் | கட்டணம், திறக்கும் நேரம் | ஷூ, விடியக் காத்திருப்பது |
| யாருக்கு | போட்டிக்குத் தயாராகிறவர் | புதியவர், தனியாக ஓடும் பெண்கள் | கணுக்கால் பலவீனமானவர் | முட்டி, முன்னங்கால் எலும்பு வலிக்காரர் |

## தார்ரோடு

வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது, காசு கேட்பதில்லை, எந்நேரமும் திறந்திருக்கிறது. அதனால்தான் பெரும்பாலோர் இங்கே ஓடுகிறார்கள். மாரத்தான் போட்டிகளும் தார்ரோட்டில்தான் நடக்கின்றன, எனவே அதற்குத் தயாராகிறவர் இதை முழுதாக ஒதுக்கவும் முடியாது.

தார் கெட்டி, அதனால் முட்டி தேயும் என்பது முழு உண்மை இல்லை. மெத்தென்ற தரையில் ஓடினால் உடம்பு தானாகவே காலைக் கொஞ்சம் விறைப்பாக்கிக்கொள்ளும், கெட்டித் தரையில் தானாகவே முட்டியைக் கூடுதலாக மடக்கும். அதனால் தரையின் கடினம் நாம் நினைக்கும் அளவுக்கு வித்தியாசம் பண்ணுவதில்லை. தார்ரோட்டில் உண்மையான வில்லன் சரிவு. மழைத்தண்ணீர் வடிய வேண்டும் என்று ரோட்டை நடுவில் உயர்த்தி இரண்டு ஓரமும் தாழ்த்திப் போட்டிருப்பார்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக நாம் வலது ஓரம் ஓடுகிறோம், அது சரிதான். ஆனால் அப்போது வலது கால் எப்போதும் பள்ளத்தில், இடது கால் எப்போதும் மேட்டில். இடுப்பு ஒரு பக்கம் இறங்கியபடியே மணிக்கணக்கில் ஓடினால் முட்டியின் வெளிப்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி வரும், இறக்கத்திலும் படி இறங்கும்போதும் அதிகமாகும். அது வந்துவிட்டால் முதலில் ஷூவைக் குறை சொல்வார்கள். ரோட்டைப் பாருங்கள். வாகனம் இல்லாத உள்ரோடாக இருந்தால் நடுவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் சரிவு குறைந்த ரோடாக மாற்றுங்கள். இடது ஓரம் மாறி ஓடிச் சமன் செய்யலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், முதுகுக்குப் பின்னால் வரும் வண்டியை நம்பி ஓடுகிற ஊர் இல்லை இது.

அப்புறம் இருட்டு. டிசம்பர் கடைசியில் கோவையில் சூரியன் உதிப்பது 6:38 வாக்கில், பொங்கல் சமயத்தில் 6:45 ஆகிவிடும். ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் முழு ஓட்டத்தையும் இருட்டிலேயே ஓடுகிறார். பெயிண்ட் அழிந்த வேகத்தடை, குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம், சாக்கடை மேல் போட்ட சிலாபுக்கும் ரோட்டுக்கும் நடுவில் கால் போகும் அளவு சந்து. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் குழியும் நிழலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தலையில் கட்டும் டார்ச் ஒன்றும், ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டையும் வாங்குவது செலவே இல்லை. ஆறு மணி தாண்டினால் கம்பெனி வேனும் காலேஜ் பஸ்ஸும் அடுத்தடுத்து வரத் தொடங்கும், திருப்பூர், பல்லடம் ரோடுகளில் ஓடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்குள் ஓடினால் இன்னொரு மார்கழிச் சங்கதி இருக்கிறது. ஐந்தரைக்கெல்லாம் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். சாணித் தண்ணீர் தெளித்த சிமெண்ட் தெரு ஷூவுக்கு அடியில் எண்ணெய் மாதிரி. அதோடு கோலத்தை மிதிக்கக்கூடாது என்று கடைசி நொடியில் காலைப் பக்கவாட்டில் தூக்கி வைப்போம் பாருங்கள், ஈரத் தரையில் அந்த ஒரு திருப்பு போதும் கணுக்கால் பிசக. கோலத் தெருவில் நடந்துவிடுங்கள், திட்டும் மிச்சம்.

நாய்களுக்கும் இது குட்டி போடும் பருவம். மற்ற நாளில் வாலாட்டுகிற நாய்கூட குட்டி பக்கத்தில் இருந்தால் பாயும். ஓடாமல் நின்று, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து கடப்பதுதான் வழி. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். "சின்னக் கீறல்தானே" என்று தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

தை பிறந்ததும் பழனி பாதயாத்திரைக் கூட்டம். பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கத்திலிருந்து பழனி போகும் ரோடுகளின் ஓரமெல்லாம் தைப்பூசம் முடியும்வரை நடக்கிறவர்களுக்குத்தான் சொந்தம். அன்னதானத் தட்டும் தண்ணீர் பாக்கெட்டும் கிடக்கும் ஓரத்தில் ஓடி வழுக்குவதற்குப் பதிலாக அந்த இரண்டு வாரம் வேறு ரோடு பார்ப்பதே மேல்.

மேற்கே மலையை ஒட்டி இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. மருதமலை அடிவாரம், தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் விடியும் முன் ரோட்டில் ஓடாதீர்கள். ஆனை தோட்டத்துக்குள் இறங்கிவிட்டுக் காட்டுக்குத் திரும்பும் நேரம் அது.

## நடைபாதையும் குளக்கரையும்

கோவையில் என்றால் ரேஸ்கோர்ஸ். சுற்றி வந்தால் சுமார் இரண்டரை கிலோமீட்டர். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளும் இப்போது நடக்க, ஓட நன்றாக இருக்கின்றன. வெளிச்சம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, வண்டி இல்லை. தனியாக ஓடும் பெண்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகவே இங்கே வருகிறார்கள், அது நியாயமான காரணம். கால் பிசகினாலும் தூக்கிவிட ஆள் இருக்கும்.

ஆனால் தரை? கல் பதித்த நடைபாதை தாரைவிடக் கெட்டி. கார்த்திகை மழைக்குப் பிறகு மர நிழலில் இருக்கும் கற்களில் மெல்லிசாகப் பாசி பிடித்திருக்கும், பகலில் கண்ணுக்கே தெரியாது. விடிகாலைப் பனி அதன்மேல் இறங்கியதும் வழவழவென்று ஆகிவிடும். மேலே உதிர்ந்த இலை வேறு. நேராக ஓடும்போது ஒன்றும் ஆகாது, திரும்பும்போதுதான் போகும்.

கூட்டம் இன்னொரு தொல்லை. நாலு பேர் கைகோத்த மாதிரி வரிசையாக நடந்து, அரசியல் பேசிக்கொண்டு, எதிரே ஆள் வருவதையே பார்க்காமல் வருவார்கள். அவர்களைச் சுற்றிப் போக நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... அந்த விளிம்பில்தான் பாதம் பாதி மேலே பாதி கீழே என்று மாட்டும். ஐந்தரைக்கு முன் போனால் கூட்டம் குறைவு. ஆறு மணிக்கு மேல் அங்கே வேக ஓட்டம் ஓடவே நினைக்காதீர்கள், மெதுவோட்டம் மட்டும்.

மறைவுச் செலவு என்றால் போய்வருவதுதான். சரவணம்பட்டியிலிருந்தோ சூலூரிலிருந்தோ வண்டியில் வந்து ஓடிவிட்டுத் திரும்பினால் ஓடின நேரத்தைவிடப் போய்வந்த நேரம் கூடிவிடும். வேர்வை நனைந்த பனியனோடு பைக்கில் குளிர்காற்றில் போனால் சூடாக இருந்த தசை அப்படியே இறுகிவிடும். மாற்று பனியன் ஒன்று வண்டியில் இருக்கட்டும். ஓடும்போதும் பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும் (திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பாலியஸ்டர் பனியனையும் நீங்கள்தானே தைக்கிறீர்கள்).

## சிந்தெடிக் டிராக்

நேரு ஸ்டேடியம் மாதிரி டிராக் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஓரளவுக்கு. குழி கிடையாது, வண்டி கிடையாது, நாய் அநேகமாகக் கிடையாது. கணுக்கால் முன்பு பிசகி இன்னும் நம்பிக்கை வராதவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை. அளந்து ஓடலாம் என்பதால் "இன்று இவ்வளவுதான்" என்று நிறுத்தவும் முடியும்.

பலருக்கும் தெரியாத விஷயம் வளைவு. 400 மீட்டர் டிராக்கில் நேர்ப்பகுதி இரண்டும் சேர்ந்து 170 மீட்டர்கூட இல்லை, மீதி 230 மீட்டருக்கு மேல் வளைவுதான். எல்லாரும் இடஞ்சுழியாக ஓடுகிறோம். ஒரு மணி நேரம் சுற்றினால் அதில் பாதிக்கு மேல் இடது பக்கம் சாய்ந்தே ஓடியிருப்பீர்கள், இரண்டு காலுக்கும் ஒரே சுமை போயிருக்காது. மெதுவாக ஓடும் நாளில் வெளி லேனில் ஓடுங்கள், வளைவு கொஞ்சம் தளரும், எட்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். பயிற்சிப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அங்கே அனுமதிக்கிறார்கள் என்றால், பாதிச் சுற்றுகளை எதிர்ப்பக்கமாகவும் ஓடலாம்.

இரண்டாவது அபாயம் ஆசை. பக்கத்து லேனில் பள்ளிப் பையன் ஒருவன் சீறிக்கொண்டு போவான், நமக்கும் கால் துறுதுறுக்கும். குளிரில் சூடு ஏறாத தொடைப் பின்சதையோடு அவன் பின்னால் பாய்ந்தால் அடுத்த மூன்று வாரம் வீட்டில்தான். டிராக்கில் வரும் அடி பெரும்பாலும் டிராக்கால் வருவதில்லை.

செலவு: கட்டணம், திறந்து மூடும் நேரம், போட்டி நடக்கும் நாள்களில் பூட்டு. போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

## வாய்க்கால் கரை, இட்டேரி, மண் தடம்

கொங்கு நாட்டுக்காரனுக்கு ஓட இதைவிட என்ன வேண்டும் என்று சொல்ல ஆசைதான். பவானிசாகரிலிருந்து இறங்கும் கீழ்பவானி வாய்க்கால் மட்டுமே 200 கிலோமீட்டர் நீளம், கரையெல்லாம் ஜீப் போகும் தடம். கோபி பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், ஈரோட்டில் காலிங்கராயன், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பிஏபி எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்ட வாய்க்கால். வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாகப் போவதால் கரையில் மேடுபள்ளம் குறைவு, இறக்கத்தில் முட்டி வாங்கும் அடி இங்கே இல்லை. காலிங்கராயன் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போவதால் இடமும் வலமும் மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருப்போம், டிராக்கில் கிடைக்காதது இதுதான்.

மண் நல்லது என்பதற்கு அது மெத்தென்று இருப்பது காரணமில்லை என்று மேலேயே பார்த்தோம். ஒவ்வொரு அடியும் வேறு கோணத்தில் விழுகிறது, சுமை ஒரே இடத்தில் குவிவதில்லை. முன்னங்கால் எலும்பின் உள்ஓரம் நெடுக வலிக்கிறவர், முட்டி அடிக்கடி முணுமுணுக்கிறவர், இவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று ஓட்டத்தை மண்ணுக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் புழுதியும் மணலும் ஆழமாக இருக்கும் தடத்தில் குதிகால் உள்வாங்கும், கெண்டைக்கால் கூடுதலாக இழுக்கும். குதிகாலுக்கு மேல் தசைநார் வலி உள்ளவர் மணலைத் தவிர்த்து இறுகிய மண்ணாகப் பார்க்க வேண்டும்.

மண்ணிலும் சாதி உண்டு. செம்மண் மழை பெய்த மறுநாளே கால் கொடுக்கும், சரளை கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. கரிசல் அப்படி இல்லை. பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசல் தடத்தில் மழைக்குப் பிறகு இறங்கினால் பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு ஷூவிலும் அரைக் கிலோ மண் அப்பிக்கொள்ளும், கால் தூக்கும்போது இடுப்பு மடிப்பு இழுக்கும், ஒரு பக்கம் உதிர்ந்து ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் நொண்டி ஓட்டம்தான். அது காய்ந்ததும் டிராக்டர் டயர் போன தடம் அப்படியே கல் மாதிரி இறுகி நிற்கும், கணுக்காலுக்கு அது இன்னும் மோசம். கரிசல் காட்டுக்காரர்கள் ஈரமான வாரங்களில் ரோட்டுக்கு வருவதே புத்திசாலித்தனம்.

முள்ளைச் சொல்லாமல் விட்டால் இட்டேரியில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில், ஓடுகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி இருந்த காலம் போய் இப்போது சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேலி வெட்டிப் போட்ட இடத்தில் அந்த முள் ஓட்ட ஷூவின் நுரை அடிப்பாகத்தில் சத்தமில்லாமல் இறங்கும். உடனே தெரியாது. கொஞ்ச தூரம் போன பிறகு, எட்டு வைக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் சுருக்கென்று படும், நின்று பார்த்தால் அடியில் முறிந்த முனை மட்டும் கறுப்பாக ஒரு புள்ளியாகத் தெரியும், நகத்தால் பிடிக்க வராது. வலிக்கவில்லையே என்று அப்படியே ஓடினால் பாதத்தைக் கோணலாக வைத்து வைத்து சாயங்காலம் முட்டி வலிக்கும். சின்ன இடுக்கி ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு ஓடி முடித்ததும் இரண்டு ஷூவின் அடியையும் தடவிப் பாருங்கள். மெல்லிய அடிப்பாகம் கொண்ட ரோட்டு ஷூ இங்கே சீக்கிரம் கிழியும், தடிப்பான ரப்பர் அடி வேண்டும்.

பாம்பு குளிரில் சுணங்கிப் படுத்திருக்கும் என்று நம்பி ஏமாறக்கூடாது. கண்ணாடி விரியன் விடிந்ததும் வெயில் காயத் தடத்துக்கே வந்து கிடக்கும், மண் நிறமும் அதன் நிறமும் ஒன்று. புல் வளர்ந்த ஓரத்தில் ஓடாமல் டயர் போன தடத்தில் ஓடுங்கள், இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம். கடித்தால் கட்டுவதோ கீறுவதோ கூடாது, காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையின் வாய்க்கால் பக்கத்தை விட்டு வெளிப்பக்கமாக ஓடுங்கள். ஈரம் ஊறிய விளிம்பு பெயர்ந்துகொள்ளும், சிமெண்ட் போட்ட சரிவில் விழுந்தால் ஏறிவர முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் முடிவு இதுதான்: மண் தடம் விடிந்த பிறகு மட்டும். இருட்டில் டார்ச்சோடு ஓடலாம் என்று சிலர் சொல்வார்கள். டார்ச் வெளிச்சம் மேலிருந்து நேராக விழும்போது சின்னப் பள்ளத்துக்கு நிழலே விழாது, மட்டமாகத் தெரியும். ஏழு மணிக்கு மேல் ஓட நேரம் இருப்பவருக்கு, அல்லது சாயங்காலம் ஓட முடிந்தவருக்குத்தான் இந்த யோகம்.

## டிரெட்மில்?

வெளியே ஓடுவது பற்றிய பேச்சில் இதற்கு ஒரு பத்தி போதும். மழை, கடும் மூடுபனி, ஊர் முழுக்கக் குப்பைப் புகை என்று இருக்கும் நாளில் ஜிம்முக்குப் போவது தப்பில்லை. மற்றபடி மார்கழியின் 18 டிகிரியை விட்டுவிட்டு உள்ளே போய் ஃபேனுக்கு அடியில் ஓடுவதற்குக் காசு கொடுப்பானேன்.

## விடிகாலையா சாயங்காலமா

தரையைத் தேர்ந்தெடுக்கும்போதே நேரத்தையும் பாதி முடிவு செய்துவிடுகிறோம், இருந்தாலும் இதைத் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. உடம்பின் சூடு ஒரு நாளில் மிகக் குறைவாக இருப்பது விடிகாலையில், அதிகமாக இருப்பது பிற்பகல் கடைசியில். தூங்கி எழுந்ததும் முதுகெலும்புத் தட்டுகள் நீர் கோத்து உப்பியிருக்கும், முதல் அரைமணி, ஒரு மணி நேரம் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சிகள் முதுகுக்கு ஆகாது. எழுந்து பத்து நிமிடத்தில் ரோட்டில் நிற்கிறவர்களுக்கு இது முக்கியம். காற்றும் விடிகாலையில் அப்படியொன்றும் சுத்தமில்லை. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே போகாமல் அங்கேயே தேங்கும், குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் அதிலேயே மிதக்கும். மூடுபனி என்று நாம் ரசிப்பதில் கொஞ்சம் புகையும் சேர்த்தி. ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் வந்து அது கலைந்த பிறகு ஓடுவது நல்லது.

சாயங்காலம் தசை இளகியிருக்கும், தரை காய்ந்திருக்கும், நாலே முக்காலுக்குத் தொடங்கினால் பொழுது சாயும் ஆறு மணிக்குள் முடித்துவிடலாம். ஆனால் நகரத்தில் அந்நேரம் ரோடு ஓடுகிறவருக்கானது இல்லை. எனவே சாயங்காலம் என்பது மண் தடம் அல்லது டிராக் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும். கிராமத்தில் இருந்துகொண்டு, பழைய வலியும் வைத்துக்கொண்டு, இன்னும் விடிகாலை நாலரைக்கு எழுந்து இருட்டு ரோட்டில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஏனென்று புரிவதில்லை.

விடிகாலைதான் முடியும் என்றால் பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது, எட்டி வைத்து முட்டி மடக்குவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது. நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகளை ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் செய்வதால் அடிபடுவது குறைவதாகத் தெரியவில்லை. முதல் கிலோமீட்டர் வழக்கத்தைவிட ஒரு நிமிடம் மெதுவாக. தாகம் எடுக்காவிட்டாலும் கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர்.

## அப்போ நீங்கள் எங்கே ஓடுவது?

புதிதாக ஆரம்பிக்கிறவர், இருட்டில்தான் நேரம் கிடைக்கிறது: நடைபாதை அல்லது குளக்கரை, ஐந்தரைக்கு முன், மெதுவோட்டம். அங்கே போக வழியில்லாவிட்டால் வீட்டைச் சுற்றி நன்றாகத் தெரிந்த, விளக்குள்ள ஒரே ஒரு ரோட்டில் போய்த் திரும்புங்கள். புது ரோட்டை ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் கண்டுபிடிக்கலாம்.

காலையில் எழுந்து முதல் எட்டு வைக்கும்போது குதிகாலுக்கு அடியில் குத்துகிறது என்றால்: கல் பதித்த பாதை வேண்டாம், வேக ஓட்டம் வேண்டாம், எழுந்தவுடன் ஓட்டமும் வேண்டாம். சாயங்கால மண் தடம், அதுவும் இறுகிய செம்மண். முடியாவிட்டால் டிராக்கின் வெளி லேன்.

கணுக்கால் ஒருமுறை பிசகியவர் டிராக்கில் ஆரம்பித்து, ஒற்றைக்காலில் அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடிந்த பிறகு மண்ணுக்கு வரட்டும். புதிதாகப் பிசகினால் முதல் இரண்டு நாள் சுளுக்கு வழிக்க ஆள் தேடாதீர்கள், சூடும் வேண்டாம், ஐஸ் ஒத்தடம், கட்டு, காலை உயர்த்தி வைப்பது. அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

போட்டிக்குத் தயாராகிறவருக்கு என் கணக்கு: நீள ஓட்டம் தார்ரோட்டில், ஏனென்றால் போட்டியும் அங்கேதான். வேக ஓட்டம் டிராக்கில். மீதி எல்லாம் மண்ணில். மூன்று தரையிலும் ஒரே ஷூ வேண்டாம், இரண்டு ஜோடி வைத்துக்கொண்டால் பனியில் நனைந்தது செய்தித்தாள் திணித்துக் காய ஒரு நாள் கிடைக்கும். பட்டிப் பொங்கல், பூப்பறிக்கிற நோன்பு என்று ஒரு வாரம் ஊருக்குப் போய் ஓடாமல் இருந்துவிட்டால் திரும்பி வந்ததும் விட்ட தூரத்தைச் சேர்த்து ஓடப் பார்க்காதீர்கள், பொங்கலுக்கு முந்தின வாரம் ஓடிய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். ஓடும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலை அடங்கிவிட்டால் ஓடலாம். அடங்கவில்லை என்றால் அன்று ஓய்வு. எலும்பில் ஒரு விரல் நுனி வைத்துக் காட்டும் அளவு ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரி படுத்தாலும் விடவில்லை என்றால் எந்தத் தரை என்ற கேள்வியே இல்லை, எலும்பு டாக்டரிடம் போய் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண எக்ஸ்ரேயில் அது முதல் வாரங்களில் தெரியாமலும் போகலாம் என்பதால் வலி தொடர்ந்தால் மறுபடி போங்கள்.